ஸ்டியரிங் டாம்பரை இறுக்கும் முன்

நெடுஞ்சாலையில் பைக்கின் ஹேண்டில்பார் ஆடினால் பலர் முதலில் தொடுவது ஸ்டியரிங் டாம்பரின், அதாவது ஹேண்டில்பாரின் திடீர் அசைவை எண்ணெயின் தடையால் தணிக்கும் கருவியின், குமிழைத்தான். உண்மையில் அது கடைசியாகத் தொட வேண்டியது. ஆட்டத்துக்குக் காரணம் பெரும்பாலும் வேறெங்கோ இருக்கும்: மேடுபள்ளமாகத் தேய்ந்த முன் டயர், காற்றுக் குறைவு, பின்னால் ஏற்றிய கனமான பெட்டி, தளர்ந்த கோன் செட் (ஹேண்டில்பார் திரும்பும் கழுத்துப் பகுதியிலுள்ள பேரிங்). முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஃபோர்க்கின் அடிப்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். 'டொக்' என்று தட்டினால் கோன் செட் தளர்ந்திருக்கிறது. ஹேண்டில்பாரைத் திருப்பும்போது நடுவில் ஓரிடத்தில் சிக்கினால் கோன் செட் தேய்ந்துவிட்டது. இவற்றைச் சரிசெய்யாமல் டாம்பரை இறுக்குவது கோளாறை மூடி மறைப்பதுதான். டாம்பரின் எண்ணெய் கசிந்துபோகும் நாளில், அதிவேகத்தில், அது மொத்தமாக வெளிப்படும்.

டாம்பர் இல்லாமல் முடியாத வண்டிகளும் உண்டு. 1997இல் வந்த சுசுகி டிஎல்1000எஸ் திரும்ப அழைக்கப்பட்டு டாம்பர் பொருத்தப்பட்டது.

அடுத்த தவறு, எல்லாச் சாலைக்கும் ஒரே இறுக்கம். நெரிசலில் ஊர்ந்து செல்லும்போது ஹேண்டில்பாரைச் சிறிது சிறிதாக அசைத்துத்தான் வண்டியை விழாமல் நிறுத்துகிறோம். டாம்பர் இறுகியிருந்தால் அந்த அசைவு தாமதமாகும், வண்டி தள்ளாடும். கொண்டை ஊசி வளைவுகளில் இது நிஜமான ஆபத்து. 2004இல் ஹோண்டா தன் சிபிஆர்1000ஆர்ஆர் வண்டியில் வைத்த மின்னணு டாம்பர், மெதுவாகப் போகையில் இளகி, வேகமும் முடுக்கமும் கூடும்போது இறுகியது. சாதாரண டாம்பரில் அந்த வேலையை நம் விரல்தான் செய்ய வேண்டும். ஆகவே நகரத்துக்குக் கிட்டத்தட்ட முழு இளக்கம். நெடுஞ்சாலைக்கு ஓரிரு கிளிக் (குமிழ் 'கிளிக்' என்று நகரும் ஒவ்வொரு படி) கூட்டலாம். பந்தயத் தடத்தில், முடுக்கும்போது முன்சக்கரம் இலேசாகி மேடுகளில் உதறும் என்பதால், இன்னும் கொஞ்சம்.

அங்கேயும் அளவு உண்டு. ஹேண்டில்பாரின் வேகமான உதறல் நொடிக்கு ஏறத்தாழ 4 முதல் 10 முறை நிகழ்வது. அதை டாம்பர் அடக்கும். வண்டி முழுவதும் மெதுவாக நெளிவது வேறு. நொடிக்கு 2 முதல் 4 முறை. டாம்பரை அளவுக்கு மீறி இறுக்கினால் இந்த நெளிவு மோசமாகலாம். நெளிவைக் கண்டு பயந்து மேலும் இறுக்குவதுதான் நான் மிகவும் அஞ்சும் தவறு.

குமிழை ஒரு முனைவரை திருப்பி, அங்கிருந்து கிளிக்குகளை எண்ணிக் குறித்துவையுங்கள். எந்த முனை என்பது கையேட்டில் இருக்கும். ஒரு முறைக்கு ஒரு கிளிக் மட்டும் மாற்றி, அதே சாலையில் மீண்டும் ஓட்டிப் பாருங்கள். ஓடும் வண்டியில் குமிழைத் தேடிக் கையை எடுக்கவே வேண்டாம்.

புதிதாகப் பொருத்தியவர்கள் ஹேண்டில்பாரை இரு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பாருங்கள். வண்டியின் சொந்தத் தடுப்பில் அது நிற்க வேண்டும். டாம்பரின் தண்டு முதலில் முட்டினால், கீழே விழும்போது தண்டு வளைந்து ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். பொருத்திய இடத்தை மாற்றாமல் வண்டியை எடுக்காதீர்கள்.