ஏர் லாக்கர் பூட்டவில்லையா? ஆக்சிலைப் பிரிக்கும் முன் ஒரு தண்ணீர் பாட்டிலை எடுங்கள்

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு. வாய்க்காலைத் தாண்டும்போது என் பழைய ஜிப்ஸியின் பின்சக்கரம் ஒன்று தரையை விட்டுத் தூக்கிக்கொண்டது. ஒரு சக்கரம் மட்டும் வீணாய்ச் சுற்றாமல், காற்றழுத்தத்தால் இரண்டு பின்சக்கரங்களையும் சேர்த்துப் பூட்டுவதுதான் ஏர் லாக்கர். இதற்காகத்தானே செலவு செய்து அதைப் போட்டோம் என்று சுவிட்சைத் தட்டினேன். விளக்கு எரிந்தது, கம்ப்ரெசரும் உறுமியது. ஆனால் தூக்கிய சக்கரம் மட்டும் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. கடைசியில் தோப்புக்காரரின் டிராக்டர்தான் இழுத்துப் போட்டது.

அந்த வாரமே ஆக்சிலைப் பிரித்தேன். இரண்டு நாள் வேலை, புது ஆயில், புது பேக்கிங். உள்ளே எல்லாம் ஒழுங்காக இருந்தது. கோளாறு வெளியே, காற்றைக் கரண்டால் திறந்து மூடும் சோலினாய்டு வால்வுக்குள் சிக்கிய ஒரு நூலளவு டெஃப்லான் டேப்பில் இருந்தது. அதைச் சுற்றியவனும் நான்தான். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை. ஒரு வருடம் கழித்து உண்மையாகவே உள்ளே லீக் வந்தது. இரண்டு அனுபவத்தையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

திருப்பத்தில் இரு பக்கச் சக்கரங்களும் வேறுவேறு வேகத்தில் சுற்ற விடும் பற்சக்கரத் தொகுப்புதான் டிஃபரன்ஷியல், சுருக்கமாக டிஃப். லாக்கர் அதற்குள் இருக்கிறது. காற்று போகும் வழியை மட்டும் மனதில் வையுங்கள். கம்ப்ரெசரிலிருந்து சோலினாய்டு, அங்கிருந்து மெல்லிய நைலான் ட்யூப், ஆக்சில் ஹவுசிங்கில் ஒரு ஃபிட்டிங், உள்ளே ஒரு செம்புக் குழாய். அந்தக் குழாய் சீல் ஹவுசிங் என்ற வளையத்தில் முடிகிறது. கிரவுன் வீல் என்ற பெரிய பற்சக்கரத்தைத் தாங்கும் கேரியர் சுற்றும், வளையம் சுற்றாது. இரண்டுக்கும் நடுவே காற்றைத் தப்பவிடாமல் பிடித்துக்கொண்டிருப்பவை ஓ-ரிங் எனப்படும் இரண்டு ரப்பர் வளையங்கள். காற்று உள்ளே போய்ப் பிஸ்டனைத் தள்ளினால் லாக்கர் பூட்டும். காற்றை வெளியே விட்டால் ஸ்பிரிங் திருப்பித் தள்ளிவிடும். அவ்வளவுதான்.

1. பூட்டுகிறதா, இல்லையா?

சமதளத்தில் நிறுத்தி, முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். பின் ஆக்சிலைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். வண்டியை கியரில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை விடுவியுங்கள். லாக்கர் சுவிட்சைப் போடாமல் ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றினால் மற்றது எதிர்ப்பக்கம் சுற்றும். லாக்கர் போட்ட பிறகு இரண்டுமே அசையக்கூடாது. பல் பொருந்துவதற்காகக் கொஞ்சம் ஆட்டிவிட வேண்டியிருக்கலாம். இங்கே நன்றாகப் பூட்டினால் பிஸ்டனும் பல்லும் சரி, அழுத்தம்தான் சில நேரம் குறைகிறது என்று அர்த்தம்.

2. கரண்ட்

ஃபியூஸ், ரிலே, எர்த். சுவிட்சைப் போட்டதும் சோலினாய்டு 'டிக்' என்கிறதா என்று காதை வைத்துக் கேளுங்கள். சத்தம் இல்லையென்றால் மல்டிமீட்டரால் அதன் ஒயரில் 12 வோல்ட் வருகிறதா பாருங்கள். சுவிட்சில் விளக்கு எரிவதை ஆதாரமாக எடுக்க வேண்டாம். சுவிட்சுக்குக் கரண்ட் வந்திருக்கிறது என்பதைத்தான் அது சொல்லும், லாக்கர் பூட்டியதை அல்ல.

3. லீக்கைப் பாதியாக வெட்டுங்கள்

நான் சறுக்கிய இடம் இது. அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

லாக்கரைப் போடாமல் கம்ப்ரெசரை மட்டும் ஓட விடுங்கள். அழுத்தம் ஏறியதும் அது தானாக நிற்க வேண்டும். என்னுடையது 105 பி.எஸ்.ஐ.யில் (டயர் காற்றை அளக்கும் அதே அளவு) நிற்கும், 85க்கு இறங்கினால் மறுபடி ஓடும். உங்களுடையதன் அளவு வேறாக இருக்கலாம், கையேட்டில் பாருங்கள். நின்ற பிறகு 15 நிமிடம் பேசாமல் இருந்தால் அந்தப் பாதி நலம். இடையில் ஓடினால் லீக் கம்ப்ரெசர் பக்கம், அல்லது சோலினாய்டுக்கு வருகிற பக்கம்.

இப்போது லாக்கரைப் போடுங்கள். கம்ப்ரெசர் ஒரு கணம் ஓடி நிற்க வேண்டும். நிற்காமல் ஓடினாலோ, நிமிடத்துக்கொரு முறை ஓடினாலோ எங்கோ காற்று போகிறது. உடனே ஸ்பானரை எடுக்காதீர்கள். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, சோலினாய்டிலிருந்து ஆக்சிலுக்குப் போகும் ட்யூபைக் கழற்றி, அந்தத் துளையை அடைக்க ஒரு பிளக் (மூடி) குத்துங்கள். மறுபடி லாக்கரைப் போடுங்கள். இப்போது கம்ப்ரெசர் அமைதியாக இருந்தால் லீக் ட்யூபிலோ ஆக்சிலிலோ இருக்கிறது. இன்னமும் ஓடினால் சோலினாய்டுதான். அதன் எக்ஸாஸ்ட் துளையில், அதாவது காற்றை வெளியே விடும் துளையில், சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டு விடுங்கள். எனக்கு அங்கேதான் நுரை பொங்கியிருக்கும், அன்று பார்த்திருந்தால். பிளக்கின் விலை ஒரு டீக்குக்கூட ஆகாது. அது இல்லாமல் இரண்டு நாள் போனது.

கோவையில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி: மில் மெஷின்களுக்கு நியூமேட்டிக் சாமான் விற்கும் கடைகளில் இந்தப் பிளக், ட்யூபை அழுத்திச் செருகும் புஷ் ஃபிட்டிங், நைலான் ட்யூப் எல்லாம் கிடைக்கும். உங்கள் ட்யூபில் ஒரு துண்டைக் கையோடு கொண்டு போங்கள். 5 மில்லிமீட்டரும் 6 மில்லிமீட்டரும் கண்ணுக்கு ஒன்று போலவே இருக்கும்.

4. தண்ணீர் பாட்டில்

லீக் ஆக்சில் பக்கம் என்று தெரிந்துவிட்டது. ட்யூபிலா, உள்ளேயா? சைக்கிள் கடையில் பஞ்சர் பார்க்கிற அதே வித்தைதான். உள்ளே ஓ-ரிங் வழியாகத் தப்பும் காற்று ஹவுசிங்கில் நிரம்பி, ஹவுசிங் மூச்சுவிடும் பிரீதர் குழாய் வழியாகத்தான் வெளியே வர முடியும். பிரீதர் குழாயின் நுனியைப் பாதி தண்ணீர் உள்ள பாட்டிலில் விடுங்கள். லாக்கரைப் போடுங்கள். விடாமல் குமிழி வந்தால் உள்ளே லீக். வராவிட்டால் ட்யூபையும் ஹவுசிங் ஃபிட்டிங்கையும் சோப்புத் தண்ணீரால் நனைத்துத் தேடுங்கள்.

இதை ஆக்சில் ஆறியிருக்கும்போது மட்டும் செய்யுங்கள். ஓடி வந்த சூட்டில் செய்தால், ஆறும்போது ஹவுசிங் பாட்டில் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். பார்த்த கையோடு குழாயை வெளியே எடுத்துவிடுங்கள்.

5. வெளியே லீக் என்றால்

ட்யூபைக் கட்டிங் பிளேயரால் வெட்டாதீர்கள். நுனி நசுங்கி முட்டை வடிவம் ஆகிவிடும், புஷ் ஃபிட்டிங் பிடிக்காது. புது பிளேடால், மரக்கட்டை மேல் வைத்து, நேராக ஒரே வெட்டு. மரைகளுக்கு டெஃப்லான் டேப் வேண்டவே வேண்டாம் என்பது என் பிடிவாதம். நன்றாகச் சுற்றுகிறவர்கள் சுற்றுவார்கள். நான் சுற்றிய லட்சணம்தான் தெரியுமே. மரையில் தடவும் திரவ சீலன்ட் போதும், அதையும் முதல் இரண்டு மரையை விட்டுவிட்டுத் தடவுங்கள்.

6. உள்ளே லீக் என்றால்

ஆயிலை வடியுங்கள். உருவும்போது செம்புக் குழாய் மடங்காதிருக்க, ஹவுசிங் ஃபிட்டிங்கிலிருந்து அதை முதலிலேயே விடுவித்துவிடுங்கள். ஆக்சில் ஷாஃப்ட் இரண்டையும் உருவி, ப்ரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றினால் ஜிப்ஸியில் டிஃப் மொத்தமாக முன்பக்கம் வந்துவிடும். கனம் இருக்கிறது, ஒரு ஆள் துணை வேண்டும்.

பேரிங் கேப்களைக் கழற்றும் முன் இடது வலது தெரியப் பஞ்ச் அடித்துக் குறியிடுங்கள். அட்ஜஸ்டர் நட்டுகளின் இடத்தையும் குறித்து, திரும்பிய சுற்றை எண்ணி எழுதுங்கள். கேரியரை மாற்றாதவரை அதே இடத்தில் வைத்தால் பேக்லாஷ் (பற்சக்கரப் பற்களுக்கு நடுவே விடும் இடைவெளி) கிட்டத்தட்ட வந்துவிடும். ஆனாலும் மயிரிழை அசைவையும் முள்ளில் காட்டும் டயல் கேஜால் சரிபார்த்து, கையேட்டு அளவுக்குக் கொண்டுவராமல் மூடக்கூடாது. டயல் கேஜ் பிடித்துப் பழக்கமில்லை என்றால் இந்த ஒரு வேலைக்கு மட்டும் கை தேர்ந்த மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள், வெட்கமே வேண்டாம்.

சீல் ஹவுசிங்கை மெதுவாக உருவுங்கள். ஓ-ரிங்கை ஸ்குரூ டிரைவரால் நெம்பாதீர்கள், பல்குத்தும் குச்சி போதும். உள்ளே ஒரு கீறல் விழுந்தால் புது ஓ-ரிங்கும் லீக் ஆகும். வளையம் உட்காரும் கேரியரின் கழுத்தை நகத்தால் தடவுங்கள். நகம் மாட்டினால் ஓ-ரிங் மாற்றிப் பயனில்லை.

ஓ-ரிங்கைக் கம்பெனி கிட்டாகவே வாங்குங்கள். நான் முதலில் கடையில் சுற்றளவு பார்த்து ஒன்றை வாங்கினேன். தடிமன் மயிரிழை கூடுதல். மாட்டிச் சுற்றிப் பார்த்தபோது கேரியரோடு சீல் ஹவுசிங்கும் சேர்ந்து திரும்பப் பார்த்தது. அப்படியே மாட்டி மூடியிருந்தால் செம்புக் குழாய் முறிந்திருக்கும். புது ஓ-ரிங்கில் கியர் ஆயிலைத் தாராளமாகத் தடவி மாட்டுங்கள். காய்ந்த ஓ-ரிங் முதல் சுற்றிலேயே கிழியும். செம்புக் குழாய் கிரவுன் வீலைத் தொடாமல் வளைந்திருக்கிறதா என்று ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள்.

அப்புறம், எத்தனை அவசரமானாலும் இதை விடாதீர்கள்: டிஃபை ஆக்சிலில் ஏற்றும் முன், மேஜை மேலேயே செம்புக் குழாய்க்குக் காற்றுக் கொடுங்கள். 85 பி.எஸ்.ஐ. போதும். பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, விரலைப் பல்லிடம் கொண்டு போகாமல், கேரியரைக் கையால் சுற்றிக்கொண்டே சோப்புத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். நிற்கும்போது லீக் ஆகாதது சுற்றும்போது ஆகலாம். இங்கே தேறினால் ஏற்றுங்கள். சோப்பு நுரையைத் துடைத்துவிட்டுத்தான்.

ஜி.எல்.-5 தரத்தில் 80டபிள்யூ-90 ஆயிலை, வண்டி சமமாக நிற்கும்போது, ஃபில்லர் துளை வழியத் தொடங்கும் வரை ஊற்றுங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

பின்சேர்க்கை 1: ஒரு வாசகருக்குப் பாட்டிலில் குமிழியே வரவில்லை, ஆனால் லீக் உள்ளேதான் இருந்தது. பிரீதரில் குளவி மண் கூடு கட்டியிருந்ததாம். சோதனைக்கு முன் பிரீதர் குழாயை ஊதிப் பார்க்க வேண்டும் என்று நான் எழுதியிருக்க வேண்டும். அடைத்த பிரீதர் இன்னொரு தொல்லையும் தரும்: ஹவுசிங்கில் சேரும் அழுத்தம் ஆயிலைக் காற்றுக் குழாய்க்குள் தள்ளும். சோலினாய்டு எக்ஸாஸ்டில் ஆயில் துப்பினால் முதலில் பிரீதரையும் ஆயில் அளவையும் பாருங்கள்.

பின்சேர்க்கை 2: "பூட்டுகிறது, விடுவதில்லை" என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். முதலில் வண்டியைச் சில அடி பின்னால் எடுத்து ஸ்டியரிங்கை இருபக்கமும் திருப்புங்கள். ஆக்சிலில் முறுக்கம் இருந்தால் ஸ்பிரிங்கால் பல்லை விலக்க முடியாது. அதற்கும் மசியாவிட்டால் கம்ப்ரெசரை அணைத்து, சோலினாய்டில் ஆக்சில் ட்யூபைக் கழற்றுங்கள். 'புஸ்' என்று காற்று வந்து லாக்கர் விட்டால், சோலினாய்டின் எக்ஸாஸ்ட் துளை சேற்றில் அடைத்திருக்கலாம். இரண்டு பேரில் ஒருவருக்கு அதுதான். மற்றவர் இன்னும் பதில் எழுதவில்லை.