லாஜிக்கல் அளவீடு மூன்று: 48 சுற்றை 32 ஆக்குவது எப்படி

குவாண்டம் கணினியில் பிழை திருத்தும் சர்ஃபேஸ் கோடின் தூரம் (எவ்வளவு பிழை தாங்கும் என்பதன் அளவு) 15 என்று வையுங்கள். பேட்ச் என்பது ஒரு லாஜிக்கல் க்யூபிட்டைத் தாங்கும் க்யூபிட் கட்டம். பேட்ச்களை ஒட்டி அளந்துவிட்டுப் பிரிக்கும் லாட்டிஸ் சர்ஜரியில், ஒரு கூட்டு அளவீட்டுக்கு வழக்கமாக 15 சுற்று பிழைச் சோதனை. பேட்ச்களைப் பிரிக்க இன்னொன்று. மூன்று அளவீட்டுக்கு 48 ஆகிவிடும்.

(ஒரு க்யூபிட்டை இசட்டில் படித்துவிட்டு முடிக்கப் போகிறீர்கள் என்றால் இந்தப் பாடே வேண்டாம். 225 டேட்டா க்யூபிட்டையும் ஒரே அடியில் அளந்துவிடுங்கள். இசட் ஸ்டெபிலைசர்களின் (பிழை காட்டும் சோதனைகளின்) கடைசி மதிப்பு அதிலிருந்தே கிடைத்துவிடும்.)

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் மூன்று கூடை மீனைத் தனித்தனியாக எடை போட்டபின், மூன்றையும் சேர்த்து ஒருமுறை தராசில் ஏற்றினால் தப்பு தெரிந்துவிடும் அல்லவா? இங்கேயும் அதேதான். ஒன்றோடொன்று கம்யூட் ஆகும் (எந்த வரிசையில் அளந்தாலும் ஒன்றை ஒன்று கெடுக்காத) மூன்று பௌலி அளவீடுகளை, அதாவது எக்ஸ், ஒய், இசட் வகை அளவீடுகளை எடுங்கள். ஒவ்வொன்றின் விடையும் +1 அல்லது -1. நான்காவதாக மூன்றின் பெருக்கலையும் அளங்கள். ஒவ்வொன்றுக்கும் 7 சுற்று போதும்.

ஏன் 7? 15 சுற்றில் டிகோடர் (பிழையைக் கணிக்கும் நிரல்) ஏமாற குறைந்தது 8 பிழை வேண்டும். 7 சுற்றில் 4 பிழையே விடையைப் புரட்டிவிடும். ஆனால் ஒரு விடை மட்டும் புரண்டால் பெருக்கல் இடிக்கும். கண்ணில் படாமல் தப்ப இரண்டு விடை புரள வேண்டும். அதற்கு மறுபடி 8 பிழை. பிரிக்கும் ஒன்றையும் சேர்த்து நான்கு தடவை 8 சுற்று, மொத்தம் 32.

பெருக்கல் இடித்தால் எது தப்பு என்று தேடாதீர்கள், தெரியாது. நான்கையும் திரும்ப எடுங்கள். கம்யூட் ஆவதால் நிலை கெடாது. ஒரு அளவீடு 0.1% தவறினால் மறுஓட்டம் சுமார் 0.4%, தப்பிச் செல்வது சுமார் 10 லட்சத்தில் 6.

பெரும்பாலும் சறுக்குவது குறியில். எக்ஸ்எக்ஸ், இசட்இசட் இரண்டையும் பெருக்கினால் வருவது மைனஸ் ஒய்ஒய். அந்த மைனஸை விட்டால் சரியான ஓட்டமெல்லாம் தப்பாகத் தெரியும். அடுத்தது, சரிபார்ப்பு முடியும் முன் விடையை நம்பி அடுத்த கேட்டுக்கு (குவாண்டம் செயல்படிக்கு) போய்விடுவது. நான்காவது அளவீட்டுக்கு நடுவில் அகலமான துணை பேட்ச் வேண்டும். பிழை நுழையும் இடமும் கூடும், 7 பற்றாமல் 9 ஆகலாம். நான்குக்கும் 9 எடுத்தாலும் மொத்தம் 40தான். பேட்ச்சின் அகலத்தை மட்டும் 15-க்குக் கீழே இறக்காதீர்கள்.

ஸ்டிம் என்ற குவாண்டம் சிமுலேட்டரில் ரெடியாகக் கிடைக்கும் மெமரி சர்க்கியூட், சுற்றுகள் நெடுகச் சேர்ந்து அளவீட்டு விடையைப் புரட்டும் இந்தக் காலவழிப் பிழையைக் காட்டாது. அதைக் காட்டும் ஸ்டெபிலிட்டி சர்க்கியூட்டை நீங்களே எழுதி, பைமேட்சிங் என்ற டிகோடரில் ஓட்டுங்கள். 10 லட்சத்தில் 1 என்ற பிழையில் 100 தோல்வி பார்க்க 10 கோடி ஷாட் (ஓட்டம்) வேண்டும். மே மாத மதியத்தில் லேப்டாப்பை வதைக்காமல் ராத்திரி ஓட விடுங்கள்.