டீசல் பிக்கப்பில் டிரெய்லர் இழுக்க எந்த ஆக்சில் ரேஷியோ? அடிக்கடி நடக்கும் தவறுகள்

அமெரிக்காவில் ராம், ஃபோர்டு, செவி என்று எந்தப் பெரிய டீசல் பிக்கப்பைப் பார்க்கப் போனாலும் 3.42, 3.73, 4.10 மாதிரி ஒரு எண் கூடவே வரும். அதுதான் ஆக்சில் ரேஷியோ. பின் ஆக்சிலில் இருக்கும் கிரவுன் வீலின் (பெரிய பற்சக்கரம்) பற்களை, அதைச் சுழற்றும் பினியனின் (சிறிய பற்சக்கரம்) பற்களால் வகுத்தால் கிடைப்பது. 41 பல்லுக்கு 10 பல் என்றால் 4.10. எண் கூடக் கூட சக்கரத்துக்கு இழுவை கூடும், அதே வேகத்துக்கு இன்ஜினும் அதிகம் சுற்றும். இவ்வளவு தெரிந்ததுமே "டிரெய்லர் இழுக்கணுமா, கண்ணை மூடிக்கொண்டு 4.10 போடு" என்று சொல்லிவிடுகிறார்கள். முதல் தவறே இதுதான்.

கணக்கைப் பாருங்கள். ஆறு கியர் 68ஆர்எஃப்இ ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் உள்ள ராம், 33 அங்குல டயர், மணிக்கு 65 மைல் வேகம். ஆறாவது கியரில் 3.73 ஆக்சிலுக்கு இன்ஜின் ஏறக்குறைய 1,550 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) சுற்றும், 4.10 என்றால் 1,700. சரி, அதே 3.73 வண்டியை ஐந்தாவது கியருக்கு இறக்கினால்? 2,000 வந்துவிடும். ஆக்சிலையே மாற்றினாலும் கூடுவது 10 சதவீதம், கியர் லீவரில் ஒரு கியர் இறக்கினாலே 30 சதவீதம். இந்த இன்ஜின்களுக்கு உச்ச டார்க் (சுழற்றும் விசை) 1,600 முதல் 1,800 ஆர்பிஎம் பக்கம் கிடைக்கிறது, அதனால் ஏற்றத்தில் 1,400க்கு விழவிட்டு ஆக்சிலரேட்டரை அழுத்திக்கொண்டே போனால் இன்ஜின் திணறும், எக்ஸாஸ்ட் சூடு ஏறும். அதற்கு ஆக்சிலைக் குறை சொல்வது நியாயமில்லை, கியரை இறக்க வேண்டும்.

பழைய வண்டிக்குச் சொன்ன அறிவுரையை புது வண்டிக்கும் அப்படியே சொல்வது அடுத்த தவறு. 2020 மாடலில் செவியின் டியூராமேக்ஸ் டீசல் இன்ஜின் உள்ள ஹெவி டியூட்டி வண்டிகள் 3.73இலிருந்து 3.42க்கு இறங்கியபோது இழுவை போய்விட்டது என்று பலர் நினைத்தார்கள். ஆனால் பழைய ஆறு கியர் ஆலிசன் கியர்பாக்ஸின் முதல் கியர் ரேஷியோ 3.10, புதிய பத்து கியர் பெட்டியில் அது 4.54. ஆக்சிலோடு பெருக்கினால் பழையது 11.6, புதியது 15.5. நின்ற இடத்திலிருந்து கிளம்புவதில் புது வண்டிதான் பலசாலி. ஆக்சில் எண்ணை மட்டும் தனியாக வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது.

டயரை மறப்பவர்கள்தான் ஏராளம். 32 அங்குலத்தை எடுத்துவிட்டு அழகுக்காக 35 மாட்டினால் உங்கள் 3.73 நடைமுறையில் 3.41 ஆகிவிடுகிறது. அப்படிப்பட்ட வண்டிக்கு 4.10 போடுவது இழந்ததைத் திரும்பப் பெறுவதுதான், அதில் எனக்கு மறுப்பே இல்லை.

எங்கே 4.10 உண்மையிலேயே தேவை? இரட்டைப் பின்சக்கர வண்டியில் 20,000 பவுண்டுக்கு மேல் கூஸ்நெக் (பிக்கப்பின் தொட்டிக்குள் மாட்டும் கனரக டிரெய்லர்) மாட்டி, கொலராடோ ஐ-70இல் ஐசன்ஹவர் சுரங்கத்துக்கு ஏறும் 7 சதவீத ஏற்றம் மாதிரி சாலைகளில் வாரா வாரம் போகிறவர்களுக்கு. இறக்கத்திலும் உதவும், ஏனென்றால் இன்ஜின் வேகமாகச் சுற்றினால்தான் எக்ஸாஸ்ட் பிரேக் (புகை வெளியேறுவதைத் தடுத்து வண்டியை மெதுவாக்குவது) நன்றாகப் பிடிக்கும். வருடத்தில் சில வாரம் மட்டும் கேம்பர் (உள்ளே தங்கும் டிரெய்லர்) இழுத்துவிட்டு மீதி நாளெல்லாம் வெறும் வண்டியாக ஓட்டுபவர், டீசல் செலவைப் பார்த்து கம்பெனி கொடுத்த 3.42, 3.55 அல்லது 3.73ஓடு இருப்பதே மேல்.

இதில் ஆபத்தான தவறு ஒன்று உண்டு. ஆக்சில் கியரை மாற்றினால் வண்டியின் எடை வரம்பும் கூடும் என்ற நம்பிக்கை. கூடாது. கதவு ஓரத்து ஸ்டிக்கரில் இருக்கும் பேலோடு (வண்டி தாங்கக்கூடிய சுமை) அப்படியே இருக்கும். 14,000 பவுண்டு ஃபிஃப்த் வீல் டிரெய்லர் (இதுவும் தொட்டிக்குள் மாட்டுவதுதான்) பிக்கப்பின் பின்பக்கத்தில் 2,800 முதல் 3,500 பவுண்டு வரை எடையை அழுத்தும், பல 2500 ரக டீசல் பிக்கப்களின் பேலோடோ 2,000 பவுண்டு பக்கம்தான். ஆக்சிலைப் பற்றி யோசிக்கும் முன்பே அந்த வண்டி வரம்பைத் தாண்டிவிட்டது.

மாற்றியே தீருவது என்றால், ஃபோர் வீல் வண்டியில் முன், பின் இரண்டையும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் ஃபோர் வீலில் போட்டதும் டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் ஆக்சில்களுக்கு இன்ஜின் சக்தியைப் பிரிக்கும் பெட்டி) இறுகி உடையும். வண்டியின் கம்ப்யூட்டரிலும் புது ரேஷியோவைப் பதியச் சொல்லுங்கள். முதல் 500 மைல் டிரெய்லர் இல்லாமல் ஓட்டி, அப்புறம் ஆக்சில் ஆயிலை மாற்றிவிட்டு லோடு மாட்டுங்கள்.