சாவி யார் கையில்? தனியாக இணைய ஆலோசனை வேலை தொடங்குவோருக்கு

இணையத்தளம், சமூக ஊடகம் இரண்டுக்கும் ஆலோசகராகத் தனித்து வேலை செய்ய நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இன்ஸ்டாகிராம் கணக்கு தொடங்குவது, கேன்வாவில் படம் செய்வது எல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு வாடிக்கையாளர் "சரிங்க, பண்ணிரலாம்" என்று சொன்ன பிறகு என்ன செய்வது என்பதுதான் இங்கே. மூன்றாம் படி மட்டும் நீளமாக இருக்கும். நான் தடுக்கி விழுந்த இடம் அது.

படி 1: உங்கள் வேலை எது என்று எழுதிக் கொடுங்கள்

ஒரு பக்கம் போதும். என்னுடையதில் உள்ளவை: இப்போதைய நிலையைப் பார்த்துச் சொல்வேன், மூன்று மாதத்துக்குத் திட்டம் தருவேன், மாதம் இரண்டு முறை நேரில் பேசுவோம். படம் எடுப்பதும் பதிவு போடுவதும் கமெண்டுக்குப் பதில் சொல்வதும் கடை ஆட்களின் வேலை. அதையும் நான்தான் செய்ய வேண்டுமென்றால் தனிக் கட்டணம். இதை எழுதாமல் விட்டால் இரண்டாம் வாரமே "தம்பி, இன்னிக்கு போஸ்ட் போடலையா?" என்று போன் வரும்.

படி 2: கடையில் அரை நாள் உட்காருங்கள்

எத்தனை ஃபாலோயர் என்று கேட்டுத் தொடங்காதீர்கள். எந்தச் சரக்கில் லாபம் நிற்கிறது, ஆர்டர் நேரில் வருகிறதா போனில் வருகிறதா என்று கேளுங்கள். எனக்கு அமைந்த முதல் பெரிய வேலை சென்னிமலையில் ஒரு பெட்ஷீட் கடை. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். மதியத்துக்குள் வந்த போன்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்வி: "டபுள் காட் பெட்ஷீட்டு என்ன அளவுங்க, என்ன விலைங்க?" அவர்களுடைய பேஸ்புக் பக்கத்தில் ஒரு படத்தில்கூட அளவும் இல்லை, விலையும் இல்லை. எந்த மென்பொருளும் இதை எனக்குக் காட்டியிருக்காது.

படி 3: சாவிகள் யாரிடம் என்று கண்டுபிடியுங்கள்

தீபாவளிக்கு 45 நாள் இருந்தது. நான் திட்டத்தை எழுதி முடித்து, அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கடைக்காரருக்கும் பிடித்திருந்தது. மறுநாள் வேலையைத் தொடங்கலாமென்று உட்கார்ந்தால் எந்தக் கதவும் திறக்கவில்லை. இணையத்தளம் காணோம். பேஸ்புக் பக்கத்துக்கு யார் அட்மின் என்று யாருக்கும் தெரியவில்லை. கூகுள் மேப்பில் கடைக்குப் பழைய போன் நம்பர். இதையெல்லாம் சரிசெய்யவே 12 நாள் போனது. திட்டம் எழுதுவதற்கு முன்பே இதைப் பார்த்திருக்க வேண்டும். இப்போது முதல் சந்திப்பிலேயே பார்த்துவிடுகிறேன். வரிசை இதுதான்.

டொமைன், அதாவது தளத்தின் முகவரிப் பெயர், முதலில். உலக அளவில் இந்தப் பெயர்களை ஒழுங்குபடுத்தும் ஐகான் (ICANN) அமைப்பின் தேடுபக்கத்தில் முகவரியை இட்டால் எந்த நிறுவனத்தில் பதிவானது, எந்தத் தேதியில் முடிகிறது என்று வந்துவிடும். பெட்ஷீட் கடையின் டாட் காம் முகவரி முடிந்து 33 நாள் ஆகியிருந்தது. தளம் செய்து கொடுத்தவர் தன்னுடைய மின்னஞ்சலிலேயே பதிவு செய்துவிட்டு வளைகுடாவுக்கு வேலைக்குப் போய்விட்டார். புதுப்பிக்கச் சொல்லி வந்த மடல்கள் எல்லாம் அவருக்குத்தான் போயின. டாட் காம் காலாவதியானால் நிறுவனத்தைப் பொறுத்து 45 நாள் வரை சாதாரணக் கட்டணத்திலேயே புதுப்பிக்க இடமுண்டு. அதைத் தாண்டினால் 30 நாள் மீட்புக் காலம், அதற்குக் கூடுதல் பணம் கேட்பார்கள். அதன்பின் 5 நாளில் பெயர் பொதுவுக்கு வந்துவிடும், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். தளம் செய்தவரை வாட்ஸப்பில் பிடித்துப் புதுப்பிக்க வைத்தோம். அதே நிறுவனத்தில் கடைக்காரர் பெயரில் கணக்கு தொடங்கி, டொமைனை அதற்கு மாற்றிக்கொண்டோம். உங்கள் கணக்குக்கு மாற்றாதீர்கள். உதவியாகத்தான் செய்வீர்கள், ஆனால் அடுத்த ஆலோசகருக்கு நீங்கள்தான் அந்த வளைகுடா ஆள்.

அடுத்து பேஸ்புக் பக்கம். பழைய ஊழியர் ஒருவரின் சொந்தக் கணக்கு மட்டுமே அட்மின். அவர் இப்போது பெருந்துறையில் வேறு வேலையில் இருந்தார். நல்ல மனிதர், தேடிப் போனதும் உதவ உட்கார்ந்தார். பாஸ்வேர்டு மறந்துவிட்டது. மீட்கப் போனால் ஓடிபி ஒரு பழைய நம்பருக்குப் போகிறது. கடைசி இரண்டு இலக்கத்தைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார், "இது கடை எனக்குக் கொடுத்த சிம்முங்க." கடைக்காரருக்குப் போன் போட்டேன். "ஏனுங் தம்பி, அந்தப் பட்டன் போனு கல்லாப் பெட்டியில கெடக்குதுங்க" என்றார். சார்ஜ் ஏற்றி, பத்து நிமிடம் கழித்து அவர் ஆறு இலக்கத்தையும் ஒவ்வொன்றாக வாசிக்க, பெருந்துறைத் திண்ணையில் நாங்கள் தட்டினோம். கதவு திறந்தது. அந்த சிம்முக்கு யாரோ மறக்காமல் ரீசார்ஜ் செய்துகொண்டிருந்ததால் தப்பித்தோம்.

உள்ளே போனதும் செய்ய வேண்டியது: கடைக்காரருக்கும் அவர் குடும்பத்தில் இன்னொருவருக்கும் முழுக் கட்டுப்பாடு கொடுங்கள். பிறகு கடையின் பெயரில் மெட்டா (பேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டையும் நடத்தும் நிறுவனம்) பிசினஸ் கணக்கு தொடங்கி, பக்கத்தையும் இன்ஸ்டாகிராமையும் விளம்பரக் கணக்கையும் அதற்குள் கொண்டுவாருங்கள். உங்களுக்குத் தனியாக ஒரு பிசினஸ் கணக்கு இருக்கட்டும். அதன் எண்ணைக் கொடுத்தால் அவர்கள் உங்களைப் பார்ட்னராகச் சேர்ப்பார்கள். பாஸ்வேர்டே கைமாறாது. வேலை முடிந்தால் அவர்களே நீக்கிவிடலாம். யாராவது வாட்ஸப்பில் பாஸ்வேர்டு அனுப்பினால் வாங்காதீர்கள், அழிக்கச் சொல்லுங்கள்.

கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல் (கூகுள் மேப்பில் தெரியும் கடை விவரப் பக்கம்): மேப்பில் கடையைத் திறந்து உரிமை கோரும் இணைப்பைத் தட்டினால், ஏற்கெனவே உரிமையாளராக இருப்பவரின் மின்னஞ்சல் பாதி மறைத்துக் காட்டப்படும். அந்த இரண்டு மூன்று எழுத்தைப் பார்த்ததுமே கடைக்காரருக்கு ஆள் யாரென்று தெரிந்துவிடும். கோரிக்கை அனுப்பினால் அவர் பதில் சொல்ல 3 நாள் அவகாசம். கடைக்காரர்தான் முதன்மை உரிமையாளர், நீங்கள் மேலாளர் மட்டும்.

படி 4: ஆய்வு

சாவி கிடைத்துவிட்டால் இது ஒரு நாள் வேலை. தளத்தைக் கம்ப்யூட்டரில் பார்க்காதீர்கள், விலை குறைந்த ஒரு ஆண்ட்ராய்டு போனில் மொபைல் டேட்டாவில் திறந்து பாருங்கள். வேகத்துக்குப் பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸ், தேடலுக்கு சர்ச் கன்சோல், பதிவுகளை முன்கூட்டியே அடுக்கி வைக்க மெட்டா பிசினஸ் சூட். மூன்றும் இலவசம். மாதச் சந்தா கட்டும் பெரிய கருவிகளைத் தொடக்கத்தில் வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஒரு கடைக்கு வேண்டிய கணக்கு கூகுள் ஷீட்டில் அடங்கிவிடும்.

படி 5: திட்டம்

மூன்று பக்கத்துக்கு மேல் போனால் யாரும் படிப்பதில்லை. இலக்கு ஒன்றே ஒன்று வையுங்கள். பெட்ஷீட் கடைக்கு நாங்கள் வைத்தது வாட்ஸப் விசாரணை. ஒவ்வொரு படத்திலும் அளவு, விலை, நம்பர். கல்லாவில் ஒரு நோட்டு, புதிதாகக் கேட்பவரிடம் "எங்க பாத்தீங்க?" என்று கேட்டு ஒரு கோடு. அந்த நோட்டைத்தான் மாதம் இரண்டு முறை விரித்து வைத்துப் பேசினோம்.

படி 6: பணம்

பாதி முன்பணம் வாங்காமல் தொடங்காதீர்கள். விளம்பரச் செலவு வாடிக்கையாளர் கார்டிலிருந்தோ யுபிஐயிலிருந்தோ நேராகப் போகட்டும், உங்கள் கார்டைக் கொடுக்க வேண்டாம். விளம்பரத் தொகைமேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். 10,000 ரூபாய் விளம்பரத்துக்கு 11,800 போனதும் சந்தேகம் உங்கள்மேல் வரும். நிறுவனங்கள் உங்கள் கட்டணத்தில் டிடிஎஸ் (முன்கூட்டியே கழிக்கும் வருமான வரி) பிடித்தால் அது வருமான வரித் தளத்தில் உங்கள் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) இலவசம், இன்றே செய்துவிடுங்கள். 2006ஆம் ஆண்டின் சிறு தொழில் சட்டப்படி, பதிவுள்ள குறு, சிறு நிறுவனத்துக்கு ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பாக்கி இழுக்கக் கூடாது. எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். பில்லின் அடியில் உத்யம் எண்ணைப் போடுங்கள்.

பின்சேர்க்கை 1: கூகுள் ப்ரொஃபைலில் சேர்ந்த பிறகும் பழைய ஆளை நீக்க முடியவில்லை என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். புதிதாகச் சேர்ந்த உரிமையாளர் 7 நாள் காத்திருக்க வேண்டும். அதற்குள் மற்றவரை நீக்கவோ முதன்மை உரிமையை மாற்றவோ விடாது. காத்திருங்கள், வேறு வழியில்லை.

பின்சேர்க்கை 2: டொமைனை வேறு நிறுவனத்துக்கே கொண்டுபோக வேண்டுமென்றால்? பழைய நிறுவனத்தில் டொமைனுக்குப் போட்டிருக்கும் பூட்டைத் திறந்து, மாற்றத்துக்கான குறியீட்டைப் பழைய நிறுவனத்திடம் வாங்க வேண்டும். டாட் காம் முகவரியைப் புதிதாகப் பதிந்து 60 நாள் ஆகும்வரை மாற்ற முடியாது. பண்டிகைக்கு முந்தின மாதத்தில் இந்த வேலையில் கை வைக்காதீர்கள். பெட்ஷீட் கடையில் நாங்கள் அதே நிறுவனத்துக்குள்ளேயே கணக்கு மாற்றியது இதனால்தான்.

பின்சேர்க்கை 3: அந்தப் பட்டன் போன் என்ன ஆனது என்று ஒருவர் கேட்டார். கல்லாப் பெட்டியில்தான் இருக்கிறது, முதுகில் வெள்ளைப் பிளாஸ்டர் ஒட்டி எந்தெந்தக் கணக்குக்கு அந்த நம்பர் என்று கடைக்காரர் எழுதி வைத்திருக்கிறார்.