வாரம் ஒரு போஸ்டர், ஒரு வருஷம் முழுக்க: பாதில நிக்காம ஓட்டுறது எப்படி

டிசைன் வேலைல இருக்கிற பசங்க அடிக்கடி கேக்குறது இது. ஆபீஸ்ல நாள் பூரா கிளையன்ட் சொன்னதையே பண்ணிட்டு இருக்கோம், நமக்குன்னு ஏதாவது பண்ணணும், வாரம் ஒரு போஸ்டர் இல்ல ஒரு இல்லஸ்ட்ரேஷன், வருஷத்துக்கு 52, எப்படி ஆரம்பிக்கிறது? ஆரம்பிக்கிறதுல கஷ்டமே இல்லங்க, எல்லாரும் ஜனவரி ஒண்ணாந்தேதி ஜம்முனு ஆரம்பிச்சிடுறாங்க. அஞ்சாவது ஆறாவது வாரத்துலதான் நிக்குது. அதுக்குக் காரணம் சோம்பேறித்தனம்னு நான் நினைக்கல. ஒவ்வொரு வாரமும் புதுசா உக்காந்து என்ன சைஸ், என்ன கலர், என்ன ஸ்டைல், எதைப் பத்தி, அதுல என்ன ஐடியான்னு அஞ்சு கேள்விக்கு பதில் தேடுறாங்க, ஆபீஸ் முடிஞ்சு ராத்திரி ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வர்ற ஆளுக்கு முதல் நாலுலயே தெம்பு போயிடும், அஞ்சாவதான ஐடியாவுக்கு ஒண்ணும் மிஞ்சாது. அதனால அந்த நாலையும் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே பூட்டிடுங்க. வாரா வாரம் ஐடியா மட்டும்தான் திறந்திருக்கணும். கீழ சொல்றது எல்லாமே இதை எப்படி பண்றதுன்னுதான்.

முதல்ல, ஏன் வாரம், ஏன் தினமும் இல்ல? பீப்பிள்ங்கிற பேருல வேலை பண்ற மைக் விங்கெல்மன் 2007 மே 1லேருந்து தினமும் ஒரு படம்னு போட்டுட்டு வர்றாரு, முதல் 5000 படத்தை ஒண்ணா சேத்தது 2021 மார்ச்ல கிறிஸ்டீஸ் ஏலத்துல 69 மில்லியன் டாலருக்கு மேல போச்சு, அதைப் பாத்துட்டு நாமளும் தினமும் பண்ணணும்னு நிறைய பேருக்கு ஆசை. கை பழகணும்னா தினமும் பண்றது ரொம்ப நல்லது, அதுல சந்தேகமே இல்ல. ஆனா போஸ்டர்ங்கிறது ஒரே பார்வைல ஒரு விஷயத்தை சொல்ற வேலை, அதுக்கு ஐடியா ஊறணும், முதல் ஐடியாவைத் தூக்கிப் போடுறதுக்கு நேரம் வேணும். திங்கக்கிழமை பிரமாதமா தெரிஞ்சது வியாழக்கிழமை சப்புன்னு தெரியும், அந்த மூணு நாள் இடைவெளிதான் வார ப்ராஜெக்ட்டோட பெரிய லாபம்.

வாரா வாரம் படம் போடுறது நம்ம ஊருக்கு ஒண்ணும் புதுசு இல்ல. 1950 அக்டோபர்லேருந்து 1954 வரைக்கும் கல்கில பொன்னியின் செல்வன் தொடரா வந்தப்போ மணியம்தான் படம் வரைஞ்சாரு, மூணரை வருஷத்துக்கும் மேல, பத்திரிகை பிரஸ்ஸுக்குப் போற தேதி யாருக்காகவும் நிக்காது. வந்தியத்தேவன் எப்படி இருப்பான், நந்தினியோட கொண்டை எப்படின்னு ஒருதடவை அமைஞ்சிடுச்சுன்னா அப்புறம் இந்த வாரம் எந்தக் காட்சி, எந்தக் கோணம்ங்கிறதுதான் கேள்வி. நமக்கு வேணுங்கிறதும் அதேதான்.

சைஸ் ஏ3 வச்சுக்கோங்க, நிக்க வச்சது, 297க்கு 420 மில்லிமீட்டர், 52க்கும் இதே. ஏ3யோட அகலம் உயரம் ரெண்டையும் பாதியா குறைச்சா ஏ5 வரும், விகிதம் மாறவே மாறாது, கடைசில புத்தகமா போடும்போது ஒண்ணையும் வெட்ட வேண்டாம். அதோட ஏ3ங்கிறது தெருமுனை டிஜிட்டல் பிரிண்ட் கடைலயும் அடிக்கிற சைஸ். பிக்சல்ல வேலை பண்றவங்க 3508க்கு 4961 வச்சுக்கோங்க, அது 300 டிபிஐ, அதாவது ஒரு இன்ச்சுக்கு 300 புள்ளி. ஒரு டெம்ப்ளேட் ஃபைல் பண்ணி, சுத்தி 3 மில்லிமீட்டர் ப்ளீட் (வெட்டுறப்போ போறதுக்காக வெளிய நீட்டி விடுற ஓரம்) வச்சு, நாலு பக்கமும் மார்ஜின் போட்டு, கீழ ஓரத்துல வார நம்பர் வர்ற இடத்தையும் முடிவு பண்ணிடுங்க. ஒவ்வொரு வாரமும் அந்த ஃபைலைத் திறந்து சேவ் ஆஸ் கொடுக்கணும், அவ்வளவுதான்.

ஸ்டைல், கலர் ரெண்டையும் நாலு பாகமா பிரிச்சிடுங்க. 52 வாரம்னா நாலு பதிமூணு. முதல் பதிமூணு வாரம் பேப்பர் கலரோட ஒரே ஒரு மை, அதாவது ஒரே ஒரு கலர். அடுத்த பதிமூணு வெறும் எழுத்து, படமே கிடையாது. மூணாவது பதிமூணு பேட்டர்ன், ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வர்றது. கடைசி பதிமூணு கையால வரைஞ்ச கோடு, ரெண்டு மை. 52 வாரமும் ஒரே ரூல்னா இருபதாவது வாரத்துல சலிச்சிடும், ரூலே இல்லன்னா ஆறாவது வாரத்துல நின்னுடும், பதிமூணு வாரம்ங்கிறது ஒரு ரூலோட நல்லா சண்டை போட்டு, அதுல ஏதோ ஒண்ணைக் கண்டுபிடிச்சு, அது அலுக்குறதுக்குள்ள வெளிய வர்றதுக்கு சரியான அளவு. ஒரே மைனா என்ன பெருசா பண்ணிட முடியும்னு தோணுச்சுன்னா 1969ல காந்தி நூற்றாண்டை ஒட்டி ஓவியர் ஆதிமூலம் கறுப்பு வெள்ளைல போட்ட காந்தி கோட்டோவியங்களைத் தேடிப் பாருங்க, ஒரே ஆளு, ஒரே மை, ஒவ்வொண்ணும் வேற.

டாபிக்தான் நிறைய பேரு மாட்டுற இடம். 'மனசுக்குத் தோணுறது'ன்னு வச்சுக்காதீங்க, வேலைப் பளு ஜாஸ்தியா இருக்கிற வாரத்துல மனசுக்கு ஒண்ணுமே தோணாது. வெளிய இருந்து வர்ற ஒரு வரிசையைப் பிடிச்சுக்கோங்க. எனக்குப் பிடிச்சது நம்ம ஊரு வருஷம்தான், சித்திரை ஒண்ணு ஏப்ரல் 14ல ஆரம்பிச்சா வரிசை தானா கிடைக்கும்: நுங்கு, அக்னி நட்சத்திரம், ஸ்கூல் திறப்பு, குறுவை, ஆடிப்பெருக்கு, வடகிழக்குப் பருவமழை, மார்கழிக் கோலம், பொங்கல். இன்னொரு லாபம், பேட்டர்ன் பாகம் அக்டோபர் நடுவுல ஆரம்பிச்சு ஜனவரி ரெண்டாவது வாரம் வரைக்கும் ஓடும், அதுக்குள்ள மார்கழி கிட்டத்தட்ட முழுக்க வந்துடுது, தெருவுல இறங்கி நடந்தாலே புள்ளிக் கோலம் இருக்கு. உங்களுக்கு வேற வரிசை பிடிக்கும்னா அதையே எடுங்க, தினம் போற பஸ் ரூட்டோட ஸ்டாப்புங்க, வீட்டு சமையலறைல இருக்கிற பாத்திரங்க, 52 பறவைங்க, எதுவா இருந்தாலும் சரி. ஆனா ஆரம்பிக்கிற நாளுக்கு முன்னாடியே ஒரு நோட்டுல 52 வரி எழுதிடணும், போற வழில மாத்திக்கலாம், காலியா மட்டும் இருக்கக்கூடாது.

ஒண்ணை கிட்டத்துல வச்சுப் பாக்கலாம். சித்திரை ஒண்ணுல ஆரம்பிச்சா ஒன்பதாவது வாரத்துல ஜூன் 12 வரும், குறுவைக்கு மேட்டூர் அணையைத் திறக்கிற வழக்கமான தேதி. டாபிக் மேட்டூர், ரூல் ஒரே மை. முதல்ல கைக்கு வர்றது என்ன? அணையோட மதகு, பொங்கி விழுற தண்ணி, முண்டாசு கட்டின விவசாயி, நாத்து. எல்லாத்தையும் குட்டியா வரைஞ்சு தள்ளிடுங்க, அதெல்லாம் காலண்டர்ல ஏற்கனவே இருக்கு. இப்ப பேப்பர்ல அணை நியூஸ் எப்படி வரும்னு யோசிங்க. 'நீர்மட்டம் இத்தனை அடி', அவ்வளவுதான், டெல்டாக்காரங்க காலைல எந்திரிச்சு பாக்குறது அந்த ஒரு நம்பரைத்தான். மேட்டூரோட முழு மட்டம் 120 அடி. நம்ம போஸ்டர் உயரம் 420 மில்லிமீட்டர். வகுத்துப் பாருங்க, ஒரு அடிக்கு சரியா மூணரை மில்லிமீட்டர்! போஸ்டரே அணை ஆயிடுச்சு. அன்னிக்கு மட்டம் 100 அடின்னா கீழேருந்து 350 மில்லிமீட்டர் வரைக்கும் நீலம், மேல 70 மில்லிமீட்டர் வெறும் பேப்பர். நீலம் முடியுற கோட்டுல சின்னதா அந்த நம்பர், கீழ தேதி, வேற ஒண்ணுமே வேண்டாம். தண்ணி கம்மியா இருக்கிற வருஷம்னா பேப்பர் பூரா வெள்ளையா கிடக்கும், பாக்குறவங்களுக்கு வயித்தைப் பிசையும். ரெண்டாவது மை இருந்திருந்தா பச்சைல வயல் போட்டிருப்போம், இந்த ஐடியா வந்தே இருக்காது. ஆடிப்பெருக்கு வாரத்துல அதே ஐடியாவை எடுத்து, அது எழுத்து பாகம்ங்கிறதால நீலத்துக்குப் பதிலா அன்னிய மட்டம் வரைக்கும் வரி வரியா எழுத்தாலயே நிரப்பலாம்.

வாரத்தை எப்படி பிரிக்கிறது? திங்கள் ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி டாபிக்கைப் பத்தி படிக்கிறது மட்டும், வரையாதீங்க. செவ்வாய் புதன்ல தம்ப்நெயில், அதாவது குட்டி மாதிரிப் படம், தீப்பெட்டி சைஸ்ல கட்டம் போட்டு பென்சில்ல ஒரு பன்னிரண்டு, இதுல கறாரா இருங்க, முதல் நாலஞ்சு எல்லாருக்கும் வர்ற ஐடியாதான், ஏழாவது எட்டாவதுல கை திணற ஆரம்பிக்கும், அங்கேருந்துதான் உங்களோடது வரும். கம்ப்யூட்டரைத் தொடவே வேண்டாம், பஸ்ல வர்றப்பவே போடலாம். வியாழன் ஒண்ணைத் தேர்ந்தெடுத்து ரஃப். சனிக்கிழமை காலைல ஃபைனல், ஞாயிறு சாயங்காலம் வெளிய. மொத்தமா அஞ்சாறு மணி நேரத்துக்குள்ள முடியுற ஐடியாவா எடுங்க, அதுக்கு மேல இழுக்குற ஐடியா நல்ல ஐடியாவாவே இருந்தாலும் தனியா எழுதி வச்சுட்டு வேற எடுங்க. வேலை முடிஞ்சுதான்னு பாக்க ஒரு டெஸ்ட்: ஸ்கிரீன்ல மூணு சென்டிமீட்டர் அகலத்துக்கு சுருக்கிப் பாருங்க, அப்பவும் புரிஞ்சா போஸ்டர் ஓகே. புரியலன்னா எதையும் சேக்காதீங்க, எடுங்க.

தமிழ் எழுத்து வைக்கிறப்போ ரெண்டு மூணு விஷயம். அடோபி இல்லஸ்ட்ரேட்டர் சாஃப்ட்வேர்ல யூனிகோட் தமிழ் (இப்ப ஃபோன்லயும் வெப்சைட்லயும் இருக்கிற தமிழ்) டைப் பண்ணா சில சமயம் 'கொ'வோட கொம்பு எழுத்துக்குப் பின்னாடி போய் உக்காந்துக்கும், சிலருக்கு புள்ளி வட்டமே வரும், ஃபான்ட் கெட்டுப்போச்சுன்னு நினைச்சு அழிச்சிடாதீங்க. பிரிஃபரன்சஸ்ல டைப் பகுதில இண்டிக் ஆப்ஷன்ஸை டிக் பண்ணிட்டு, பாராகிராஃப் பேனல் மெனுல நம்ம எழுத்துக்கான கம்போசரை (வேர்ல்ட் ரெடி இல்ல சவுத் ஏஷியன்னு பேரு இருக்கும்) எடுத்தா சரியாயிடும். இலவச சாஃப்ட்வேரான இங்க்ஸ்கேப்ல இந்தத் தொல்லை கிடையாது. ஃபான்ட்டுக்கு காசு இல்லன்னா கவலை வேண்டாம், கூகுள் ஃபான்ட்ஸ்லயே பிரியா ரவிச்சந்திரனோட கேட்டமரான், தாரிக் அஸீஸோட பவனம், கவிவனார், ஏக் டைப்போட பாலூ தம்பி, அனெக் தமிழ் எல்லாம் இலவசம், விக்கிற வேலைக்கும் பயன்படுத்தலாம். அனெக்ல தடிமனோட அகலத்தையும் இழுத்து மாத்தலாம், எழுத்து பாகத்துக்கு அது ஒண்ணே போதும்னு கூட சொல்வேன். வரி இடைவெளியை சாஃப்ட்வேர் கொடுக்கிற அளவுலயே விடாதீங்க, மேல 'கீ'யோட சுழியும் கீழ 'கூ'வோட வாலும் முட்டிக்கும், 140 சதவீதத்துல ஆரம்பிச்சு கண்ணால பாத்து குறைங்க. ஏ3ல எந்த எழுத்தும் 16 பாயின்ட்டுக்கு கீழ போக வேண்டாம், ஏ5 புத்தகத்துல அது 8 ஆயிடும், அதுக்கும் கீழன்னா தமிழ் படிக்க முடியாது.

பிரிண்ட் எடுங்க. எல்லா வாரமும் முடியலன்னா மாசம் ஒருதடவை நாலையும் சேத்து எடுங்க, ஆனா எடுத்தே ஆகணும், ஸ்கிரீன்ல மட்டும் பாத்தா போஸ்டர் எவ்வளவு பெருசுன்னே தெரியாது. முதல் வாரத்துக்கு முன்னாடியே ஒரு ஷீட்ல உங்களுக்குப் பிடிச்ச இருபது கலரை சின்னச் சின்ன கட்டமா போட்டு, சிஎம்ஒய்கே நம்பரை (பிரிண்ட்ல நாலு மையும் எவ்வளவு கலக்கணும்ங்கிற அளவு) கீழ எழுதி, கடைல பிரிண்ட் எடுத்து டேபிளுக்கு மேல ஒட்டிடுங்க, வருஷம் பூரா கலரை அந்த ஷீட்லேருந்துதான் எடுக்கணும், ஸ்கிரீன்லேருந்து இல்ல. மானிட்டர்ல பளீர்னு எரியுற நீலமும் பச்சையும் பேப்பர்ல மங்கிடும், அது கடைக்காரர் தப்பு இல்ல, ஸ்கிரீன் வெளிச்சம், மை வெளிச்சம் இல்ல. ப்ளீட் சேத்து 303க்கு 426 வரும், 12க்கு 18 இன்ச் ஷீட்ல அது ஓரம் வரைக்கும் முட்டும், அதனால 13க்கு 19 ஷீட்ல அடிச்சு வெட்டிக் கொடுங்கன்னு சொல்லிடுங்க. சின்ன தமிழ் எழுத்தெல்லாம் கறுப்பு மட்டும் 100, நாலு மையும் கலந்த கறுப்பு வேண்டாம், கொஞ்சம் நகர்ந்தாலும் ஓரம் பிசிறடிக்கும். ஃபைலைக் கொடுக்குறப்போ எழுத்தை அவுட்லைனா, அதாவது ஃபான்ட் தேவைப்படாத வெறும் வடிவமா மாத்தி பிடிஎஃப் கொடுங்க, நிறைய கடைல இன்னமும் பாமினி மாதிரி பழைய ஃபான்ட்தான் ஓடுது, உங்க யூனிகோட் ஃபைல் அங்க எப்படித் திறக்கும்னு சொல்ல முடியாது. அவுட்லைன் பண்ணாத ஒரிஜினலைத் தனியா வச்சுக்கோங்க.

தீபாவளி சமயத்துல ஏஜென்சில தூங்கவே நேரம் இருக்காது, வீட்டுல கல்யாணம் வரும், காய்ச்சல் வரும். முதல் வாரம் வெளிய விடுறதுக்கு முன்னாடியே தேதி சம்பந்தம் இல்லாத ரெண்டு போஸ்டரை முடிச்சு கையில வச்சுக்கோங்க. ஒண்ணை எடுத்தா அடுத்து கொஞ்சம் லேசான வாரத்துல அந்த இடத்தை நிரப்பிடணும். அதுவும் தீர்ந்து ஒரு வாரம் விட்டுப்போச்சுன்னா அந்த நம்பரைக் காலியா விட்டுட்டு அடுத்ததுக்குப் போங்க, கடன் அடைக்கிறேன்னு ஒரே வாரத்துல ரெண்டு போட உக்காந்தா ரெண்டும் தேறாது, அடுத்த வாரமும் சேந்து போயிடும். நல்லா வராத போஸ்டரையும் வெளிய விடுங்க, தயங்காதீங்க. ஞாயிறு சாயங்காலம்னா ஞாயிறு சாயங்காலம்தான். லைக் எண்ணிக்கையைப் பாத்து அடுத்த வாரத்தை முடிவு பண்ண வேண்டாம், அதுக்குப் பதிலா உங்க வேலையைப் புரிஞ்ச ஒரே ஒருத்தர்கிட்ட வியாழக்கிழமை ரஃபைக் காட்டி 'என்ன தெரியுது?'ன்னு மட்டும் கேளுங்க, 'நல்லா இருக்கா?'ன்னு கேக்காதீங்க, எல்லாரும் நல்லா இருக்குன்னுதான் சொல்வாங்க. இன்ஸ்டாகிராம் மாதிரி ஃபீட்ல போடும்போது 4:5 கட்டத்துல ஏ3 முழுசா நிக்காது, தலையோ காலோ போயிடும், பின்னாடி ஒரு வெறும் நிறம் வச்சு அதுமேல போஸ்டரை முழுசா வைங்க.

ஒவ்வொரு வார ஃபோல்டர்லயும் பென்சில் தம்ப்நெயிலை போட்டோ எடுத்து போட்டு வைங்க, ரெண்டு வரி குறிப்பும், எதைத் தள்ளினோம், ஏன் தள்ளினோம்னு. வேலைக்கு ஆள் எடுக்கிறவங்க முடிஞ்ச போஸ்டரை விட அந்தப் பக்கத்தைத்தான் ரொம்ப நேரம் பாப்பாங்க. வருஷக் கடைசில புத்தகமா போடணும்னா 52ங்கிறது நாலால வகுபடுற நம்பர், சென்டர் பின் (நடு மடிப்புல பின் குத்துறது) அடிக்கிறதுக்கு அளவெடுத்த மாதிரி இருக்கும். பதிமூணு ஏ4 ஷீட்டை மடிச்சா உள்ள 52 ஏ5 பக்கம், மேல ஒரு கெட்டி அட்டை. காலியா விட்ட வாரம் இருந்தா அந்தப் பக்கத்தையும் காலியாவே விட்டு கீழ நம்பரை மட்டும் போடுங்க. முதல்ல ஒரே ஒரு காப்பி டிஜிட்டல்ல எடுத்து பக்க வரிசையை சரிபாத்துட்டு, அப்புறம் மிச்சத்துக்கு ஆர்டர் கொடுங்க.