குமரியிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு: பெற்றோரை அனுப்புமுன் விசாவும் பெட்டியும்

மகளுக்குப் பேறுகாலம் பார்க்க அம்மா போகிறார், பேரப்பிள்ளையைப் பார்க்க அப்பாவும் கூடப் போகிறார். குமரி மாவட்டத்திலிருந்து ஆஸ்திரேலியா போகும் பெரியவர்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கில் வருபவர்கள்தான். விண்ணப்பத்தை நிரப்புவது அங்கே இருக்கும் பிள்ளை. பெட்டி கட்டுவது இங்கே இருக்கும் அம்மா. முதலாமவர் பெயரிலும் பத்திரத்திலும் தவறுவார், இரண்டாமவர் சமையலறையில் தவறுவார். இந்தக் குறிப்பு இருவருக்கும்.

விசா

பெற்றோருக்கு வேண்டியது 600 என்ற எண்ணுள்ள பார்வையாளர் விசா. அதில் சுற்றுலாப் பிரிவு போதும். குடும்ப ஆதரவுப் பிரிவு என்று இன்னொன்று உண்டு. அதில் பிள்ளையிடம் ஆயிரக்கணக்கான டாலர் பிணைத்தொகை கேட்கலாம். சுற்றுலாப் பிரிவில் மறுக்கப்பட்டவர்கள்தான் பெரும்பாலும் அந்தப் பக்கம் போகவேண்டும். விண்ணப்பம் முழுக்க இணையத்தில், இம்மிஅக்கவுண்ட் என்ற அரசுத் தளத்தில். கட்டணம் ஜூலை 1ஆம் தேதியை ஒட்டி மாறுவது வழக்கம், விசா மறுக்கப்பட்டால் திரும்பி வராது. பயணத்துக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே போடுங்கள். விசா கைக்கு வருமுன் விமான டிக்கெட்டுக்குப் பணம் கட்டாதீர்கள்.

முதல் சிக்கல் பெயர். நம் ஊர்ப் பெரியவர்கள் பலருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்கவேண்டிய கட்டம் காலி. பெயர் முழுவதும் கீழ்க் கட்டத்தில் இருக்கும். பாஸ்போர்ட்டின் அடியில் அம்புக்குறிகள் நிறைந்த இரண்டு வரிகளைப் பாருங்கள். குடும்பப் பெயர் காலியாக இருந்தால் கருவி இருக்கிற பெயரையே குடும்பப் பெயராக வாசிக்கும். ஆகவே ஒற்றைப் பெயர்க்காரருக்கு அந்தப் பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் எழுதி, மற்றதைக் காலியாக விடவேண்டும். முதலெழுத்தை விரித்து அப்பா பெயரைச் சேர்க்கிறேன் என்று அங்கே சொந்தமாக எதுவும் செய்யாதீர்கள்.

இரண்டாவது, ஆளுக்கு இரண்டு பெயர். ஞானஸ்நானப் பெயர் ஒன்று, பள்ளிச் சான்றிதழில் ஒன்று, ஆதாரில் மூன்றாவது எழுத்துக்கூட்டல். வேறு பெயர்களால் அறியப்பட்டதுண்டா என்று படிவம் கேட்கும். ஆம் என்று சொல்லி எல்லாவற்றையும் எழுதுங்கள். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் தாயின் பெயர் வேறாக இருந்து, படிவத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லையென்றால் உறவுமுறையே கேள்விக்குள்ளாகும்.

மூன்றாவது பத்திரம். திரும்பி வருவார்கள் என்பதற்குச் சொத்தும் ஓய்வூதியமும் நல்ல ஆதாரம். ஆனால் 1956 நவம்பர் 1 வரை இந்த மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தது. விளவங்கோடு, கல்குளம் பக்கத்து மூலப் பத்திரங்கள் பல மலையாளத்தில் இருக்கும். அவற்றைத் தேடி மொழிபெயர்க்க அலைய வேண்டாம். இன்றைய பட்டாவும் தீர்வை ரசீதும் போதும். தமிழில் உள்ள எந்தத் தாளுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு இணைக்கவேண்டும். இந்தியாவில் செய்யும் மொழிபெயர்ப்புக்கு ஆஸ்திரேலிய அங்கீகாரம் தேவையில்லை. ஆனால் மொழிபெயர்த்தவரின் முழுப்பெயர், முகவரி, தொலைபேசி எண், தகுதி, அனுபவம் ஆகியவை அதே தாளில் ஆங்கிலத்தில் இருக்கவேண்டும். நோட்டரி முத்திரை மட்டும் குத்தி இந்த விவரங்களை விட்டுவிடுவது வழக்கமான பிழை.

இவற்றோடு பிள்ளையின் அழைப்புக் கடிதம், அவருடைய விசா அல்லது குடியுரிமைச் சான்று, மூன்று மாதச் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம், பெற்றோரின் வங்கி விவரம். விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் அப்பா கணக்கில் திடீரென்று ஐந்து லட்சம் போட்டுக் காட்டுவது உதவாது, சந்தேகத்தைத்தான் கிளப்பும். பணம் பிள்ளை அனுப்பியதென்றால் கடிதத்தில் அப்படியே எழுதுங்கள். கடிதத்தில் ஒரு கவனம்: "குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, அதனால் அம்மா வருகிறார்" என்று எழுதாதீர்கள். இந்த விசாவில் வேலை செய்யக்கூடாது. பேரனைக் கொஞ்சுவதை யாரும் வேலை என்று சொல்லப்போவதில்லை, ஆனால் கூலி மிச்சப்படுத்த ஆள் வருவதுபோல் வாசிக்கப்படும் கடிதம் தேவையில்லாத கேள்வியை வரவழைக்கும்.

போலி வங்கித்தாள் ஏற்பாடு செய்து தருகிறோம் என்பவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள். பொய் ஆவணம் பிடிபட்டால் மூன்று ஆண்டு வரை விசா கதவு அடைபடும்.

75 வயது ஆனவர்களுக்கு மருத்துவப் பரிசோதனை உண்டு. அதற்கென்று ஒரு குறிப்பெண் தருவார்கள். ஆஸ்திரேலிய அரசின் பட்டியலில் உள்ள மருத்துவரிடம் மட்டுமே செய்யவேண்டும். ஊரில் குடும்ப டாக்டர் எழுதிக்கொடுக்கும் தகுதிச் சான்று செல்லாது. கைரேகை கேட்டுக் கடிதம் வந்தால் அதில் உள்ள கெடுவுக்குள் போய்வாருங்கள்.

விசா வந்ததும் கடிதத்தில் இரண்டு தேதிக் கணக்கைப் பிரித்துப் பாருங்கள். "இந்தத் தேதிக்குள் நுழைய வேண்டும்" என்பது ஒன்று. "ஒவ்வொரு முறையும் இத்தனை மாதம் தங்கலாம்" என்பது வேறு. மூன்று ஆண்டு விசா என்று மகிழ்ந்து ஆறு மாதம் தங்கிவிட்டு, தங்கும் காலம் மூன்றே மாதம் என்று பிறகு கண்டுபிடிப்பவர்கள் உண்டு. 8503 என்ற நிபந்தனை எண் இருந்தால் அங்கே இருந்துகொண்டு விசாவை நீட்டவோ வேறொன்றுக்கு மாறவோ பொதுவாக முடியாது. 8558 இருந்தால் எந்த 18 மாதத்தை எடுத்தாலும் அதில் 12 மாதத்துக்கு மேல் அங்கே இருக்கக்கூடாது. விசா பாஸ்போர்ட்டில் ஒட்டப்படுவதில்லை, பாஸ்போர்ட் எண்ணோடு கணினியில் கட்டப்பட்டிருக்கிறது. இடையில் பாஸ்போர்ட் புதுப்பித்தால் புது எண்ணை இம்மிஅக்கவுண்டில் ஏற்றவேண்டும். இல்லாவிட்டால் திருவனந்தபுரம் கவுண்டரிலேயே நிறுத்திவிடுவார்கள்.

காப்பீடு, மருந்து

அங்குள்ள மெடிகேர் என்ற அரசு மருத்துவத் திட்டம் இந்தியப் பார்வையாளருக்குக் கிடையாது. ஆம்புலன்சுக்கும் ஒரு இரவு மருத்துவமனைக்கும் வரும் பில்லைப் பிள்ளையின் சம்பளம் தாங்காது. ஆஸ்திரேலிய நிறுவனங்களின் பார்வையாளர் காப்பீடு, இந்தியாவில் எடுக்கும் பயணக் காப்பீடு இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். விலையைவிட முக்கியம், ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, இரத்த அழுத்தம், இதய நோய் பற்றி அது என்ன சொல்கிறது என்பது. ஆஸ்திரேலியக் காப்பீடுகளில் பழைய நோய்களுக்கு 12 மாதக் காத்திருப்பு சாதாரணம்.

மருந்து மூன்று மாதத்துக்கு மேல் வேண்டாம். அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் போடாமல், கடையில் வாங்கிய உறையோடு, மருத்துவர் ஆங்கிலத்தில் எழுதிய சீட்டோடு கொண்டுபோங்கள். வைத்தியசாலைச் சூரணமும் லேகியமும்தான் நம் ஊர்க்காரர்களுக்கு வில்லங்கம். பெயரும் சேர்மானமும் எழுதாத பொட்டலம் எதுவும் வேண்டாம். லேகியத்தில் நெய்யும் தேனும் இருக்கும், அது உணவு விதிகளிலும் போய் மாட்டும். மூட்டுவலித் தைலம், கம்பெனி முத்திரையோடு இருந்தால் எடுத்துக்கொள்ளலாம்.

பெட்டி

ஆஸ்திரேலியா தன் விவசாயத்தைக் காக்கும் விதம் நம் பெரியவர்களுக்கு விளங்குவது கடினம். ஒரு கறிவேப்பிலையில் என்ன இருக்கிறது என்பார்கள். கறிவேப்பிலை ஆரஞ்சு, எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தத் தோட்டங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சி அதில் வாழும். பால் பொருளுக்குப் பயம் கோமாரி நோய். அது அங்கே இல்லை, இங்கே இருக்கிறது. இந்தக் காரணத்தைச் சொல்லிவிட்டால் அம்மா பாதிப் பெட்டியைத் தாமே காலி செய்துவிடுவார்.

கொண்டுபோகவே கூடாதவை: மட்டிப்பழம், செவ்வாழை, ஏத்தன்பழம் உட்பட எல்லாப் பழமும், காய்கறியும், பச்சை இலை எதுவும், வெற்றிலை உட்பட, முழுத்தேங்காய், சக்கைக்குரு (பலாக்கொட்டை), முளைக்கக்கூடிய எந்த விதையும், இறைச்சியில் செய்த வறுவலும் ஊறுகாயும், முட்டை, பால்கோவா, மைசூர்பாகு முதலான பால், நெய் சேர்ந்த இனிப்பு. அல்வாவையும் இந்தக் கணக்கில் சேர்த்து ஊரிலேயே விட்டுவிடுங்கள். காய்ந்த கறிவேப்பிலையும் இலையாக வேண்டாம். கொப்பரைத் தேங்காய்க்கு இந்திய விமான நிலையத்திலேயே தடை, எண்ணெய்ப்பசையால் தீப்பிடிக்கும் என்று.

நிம்மதியாகக் கொண்டுபோகக்கூடியவை: ஏத்தன்காய் உப்பேரி (நேந்திரங்காய் வறுவல்), சக்கை வத்தல், மரச்சீனி (மரவள்ளி) வறுவல் ஆகியவை கடையில் சீல் வைத்த பாக்கெட்டாக, அச்சுமுறுக்கு, அரைத்த மசாலாப் பொடிகள், தேங்காயெண்ணெய், நன்றாக வெந்த கேக். முந்திரிக்கொத்து பயறும் கருப்பட்டியும் சேர்த்துப் பொரித்தது, பால் கிடையாது என்பதால் பெரும்பாலும் தடை வராது. ஆனால் வீட்டில் செய்ததைவிடக் கடை உறையும் சேர்மானப் பட்டியலும் உள்ளதை அதிகாரி எளிதாக விடுவார். கருப்பட்டியை ஓலைக் கொட்டானோடு வைக்காதீர்கள். ஓலை தாவரப் பொருள். அதன் இடுக்கில் எறும்பு ஒன்று இருந்தாலும் கருப்பட்டியும் சேர்ந்து போகும்.

தேன் தனிக்கதை. மார்த்தாண்டம் தேன் ஒரு போத்தல் வைக்காமல் யாருக்கும் மனம் வராது. பெர்த், அதாவது மேற்கு ஆஸ்திரேலியா போகிறவர்கள் அதைத் தொடவே வேண்டாம். அந்த மாநிலம் தன் தேனீக்களுக்காக வெளித்தேனை அனுமதிப்பதில்லை. மற்ற நகரங்களுக்கும் முத்திரையிட்ட போத்தல் மட்டும்.

கருவாடு பற்றித்தான் அதிகம் கேட்கப்படுகிறது. மீனுக்குத் தலையும் குடலும் நீக்கியிருக்கவேண்டும் என்ற விதி உண்டு, அளவும் சொந்தத் தேவைக்குள் இருக்கவேண்டும். முழு நெத்திலி அங்கேயே தடுமாறும். தலை அறுத்துக் கீறிக் காயவைத்த பெரிய மீன் கருவாடு என்றால் இரட்டை உறையில் அடைத்து, பெட்டியின் மேல்பக்கம் வைத்து, அதிகாரியிடம் காட்டுங்கள். விடுவதும் விடாததும் அவர் பார்த்துச் சொல்வது. கிடைக்காமல் போனால் சிட்னியிலும் மெல்பர்னிலும் இலங்கைக் கடைகளில் கருவாடு இருக்கிறது.

தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும், வெயில் பட்டால் இளகிக் கசியும். மூடியின்கீழ் ஒரு பிளாஸ்டிக் தாள் வைத்துத் திருகி, ஒட்டுநாடா சுற்றி, துணி நடுவே வையுங்கள்.

உணவு எல்லாம் ஒரே பெட்டியில் இருக்கட்டும். அதன் பட்டியலை ஆங்கிலத்தில் ஒரு தாளில் எழுதி அம்மாவின் கைப்பையில் வையுங்கள். அங்கே இறங்கி ஆங்கிலத்தில் விளக்கவேண்டிய சங்கடம் இதனால் பாதி குறையும்.

செருப்பையும் பாருங்கள். ரப்பர் தோட்டத்துக்கும் தொழுவத்துக்கும் போட்ட செருப்பைத் தேய்த்துக் கழுவிக் காயவைத்து எடுங்கள், மண் ஒட்டியிருக்கக்கூடாது.

பயணம்

திருவனந்தபுரத்திலிருந்து சிங்கப்பூர் அல்லது கோலாலம்பூர் வழியாக மாறிப் போவது பழக்கமான வழி. இரண்டு பயணமும் ஒரே டிக்கெட்டில் இருக்கட்டும். விலை குறைவு என்று தனித்தனியாக வாங்கினால் நடுவில் குடிவரவு தாண்டிப் பெட்டியை எடுத்து மீண்டும் போடவேண்டி வரலாம்; அதற்கு அந்த நாட்டு விசா தேவைப்படலாம். ஆங்கிலம் பழகாத பெரியவர்களுக்குச் சக்கர நாற்காலி உதவியை டிக்கெட் போடும்போதே கேளுங்கள். நடக்க முடிகிறவர்தான் என்றாலும் விமானம் மாறும் இடத்தில் வாசல் வரை அழைத்துப்போக ஒரு ஆள் இருப்பார்.

நாகர்கோவிலிலிருந்து விமான நிலையம் 70 கிலோமீட்டர்தான். ஆனால் களியக்காவிளையும் பாலராமபுரமும் உங்கள் அவசரத்தை மதிப்பதில்லை. பன்னாட்டு முனையம் சாக்கை பக்கம். சங்குமுகம் பக்கம் இருப்பது உள்நாட்டு முனையம். டிரைவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அட்டையும் இறங்குமிடமும்

இறங்குமுன் பயணி வருகை அட்டை நிரப்பவேண்டும். பிள்ளைகள் ஒரு மாதிரியை முன்பே நிரப்பி அனுப்பினால் அப்பா பார்த்து எழுதிக்கொள்வார். உணவு, தாவரப் பொருள், மருந்து இருக்கிறதா என்ற கேள்விகளுக்கு "ஆம்". கடந்த 30 நாளில் பண்ணை விலங்கோடு தொடர்பு உண்டா என்ற கேள்விக்கு, வீட்டில் பசுவோ ஆடோ இருந்தால் "ஆம்". பத்தாயிரம் ஆஸ்திரேலிய டாலர் அல்லது அதற்கு மேல் ரொக்கம் இருந்தால் அதற்கும் "ஆம்".

"ஆம்" போட்டால் மாட்டிக்கொள்வோம் என்ற பயம்தான் எல்லாத் தொல்லைக்கும் வேர். ஆம் போட்டவரிடம் கூடாத பொருள் இருந்தால் அதை எடுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான், தண்டம் கிடையாது. இல்லை என்று போட்டு ஸ்கேனரிலோ மோப்ப நாயிடமோ சிக்கினால் அங்கேயே அபராதம். அது அலகுக் கணக்கு. 2024 நவம்பரில் ஓர் அலகு 330 டாலர் ஆனது; பொருளின் ஆபத்தைப் பொறுத்து பல அலகு வரை போகும். பார்வையாளர் விசாவையே ரத்து செய்து திருப்பி அனுப்பவும் அதிகாரம் உண்டு.

அட்டையில் கையெழுத்துப் போடுமுன் கைப்பையை ஒருமுறை துழாவுங்கள். விமானத்தில் கொடுத்த ஆப்பிள், கோவில் பிரசாதத்தில் ஒட்டிய துளசி, குருத்தோலைச் சிலுவை, வழியனுப்பும்போது யாரோ திணித்த நாரங்காய். அம்மா தலையில் இருக்கும் தோவாளை மல்லிகையும் கணக்கில் வரும்; அதை விமானத்திலேயே எடுத்துக் குப்பையில் போட்டுவிடவேண்டும். தவறி ஏதாவது வந்துவிட்டால் சோதனை வரிசைக்கு முன் தொட்டிகள் இருக்கும், அதில் போடலாம்.

வந்து சேர்ந்தபின் இரண்டு எண்களைக் குளிர்பெட்டிக் கதவில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள், பகலில் பெரியவர்கள் தனியாக இருக்கும் வீடு அது. அவசரத்துக்கு 000. அரசு மொழிபெயர்ப்புச் சேவைக்கு 131 450. "தமிழ்" என்று ஒரு சொல் சொன்னால் தமிழ் பேசுபவரை இணைப்பில் தருவார்கள்.