மார்பகப் புற்றுநோய்க்கான செயற்கைச் சர்க்கரைத் தடுப்பூசி ஆய்வில் சேருமுன் கேட்டறிய வேண்டியவை

இராமநாதபுரம் கடலோரத்தில் முற்றிய மார்பகப் புற்றுநோயோடு போராடும் ஒரு பெண்ணைத் தடுப்பூசி ஆய்வுக்கு அழைத்தால், அந்த ஊசி எதைச் செய்ய முயல்கிறது என்பதை அவரும் குடும்பத்தாரும் முதலில் கேட்டறிய வேண்டும். மார்பகப் புற்றணுக்கள் பலவற்றின் மேற்பரப்பில், நலமான அணுக்களில் அரிதாகவே வெளித்தெரியும் சர்க்கரைத் தொடர்கள் உள்ளன. அவற்றை ஆய்வகத்தில் செயற்கையாக உருவாக்கி, உடலின் நோயெதிர்ப்பு ஆற்றலுக்கு அடையாளம் காட்டி, அந்தப் புற்றணுக்களைத் தாக்கச் செய்வதே நோக்கம். சர்க்கரையை மட்டும் செலுத்தினால் எதிர்ப்பு வலுவாக எழாது என்பதால் ஒரு புரதத்தோடு இணைக்கிறார்கள். இதற்குப் பெரிதும் பயன்படும் கே.எல்.எச். புரதம், கலிபோர்னியக் கடலில் வாழும் நத்தையின உயிர் ஒன்றின் இரத்தத்திலிருந்து எடுக்கப்படுகிறது. ஆகவே இறால், நண்டு, சிப்பி உண்டபோது எப்போதாவது உடல் தடித்திருந்தாலோ மூச்சு திணறியிருந்தாலோ, அதை மறவாமல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

அடுத்து, ஆய்வில் எதை அளக்கப் போகிறார்கள் என்று கேளுங்கள். இதையே நான் எல்லாவற்றிலும் முக்கியமாகக் கருதுகிறேன். நோயை எதிர்க்க உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள் இரத்தத்தில் கூடுவது வேறு, ஆயுள் நீள்வது வேறு. சியாலில் டி-என் என்ற சர்க்கரையைக் கொண்ட தெராடோப் தடுப்பூசி, நோய் பரவிய 1028 பெண்கள் பங்கேற்ற ஆய்வில் எதிர்ப்பொருளை நன்றாகவே உருவாக்கியது. ஆயினும் நோய் மீண்டும் வளரும் காலம் தள்ளிப்போகவில்லை, வாழ்நாளும் நீளவில்லை. குளோபோ எச் சர்க்கரையைக் கொண்ட தடுப்பூசியை 349 பேரிடம் சோதித்து 2020-இல் வெளியிட்ட முடிவிலும், மொத்தக் குழுவுக்குப் பலன் தெரியவில்லை. எதிர்ப்பொருள் நன்கு உருவானவர்களிடம் நோய் தாமதமாகவே வளர்ந்தது உண்மைதான்; ஆனால் உடல் வலுவுள்ளவர்களுக்கே எதிர்ப்பொருளும் எளிதில் உருவாகக்கூடும் என்பதால், அதைத் தடுப்பூசியின் வெற்றி என்று உடனே கொள்ள முடியாது. எனவே, ‘குணமாகிவிடும்’ என்று எவரேனும் உறுதியளித்தால், அந்தச் சொல்லை நம்பிக் கையெழுத்திட வேண்டாம்.

இப்போது எடுக்கும் மாத்திரையும் கீமோவும் தொடருமா, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகத் தடுப்பூசி தரப்படாத குழுவில் சேர்க்கப்பட்டால் என்ன தருவார்கள் என்பதையும் தெளிவாகக் கேளுங்கள். இவ்வகை ஊசிகள் பல வாரங்களில் தவணையாகப் போடப்படுபவை. இராமேசுவரத்திலிருந்தோ தொண்டியிலிருந்தோ மதுரைக்குப் போய்வரும் செலவை யார் ஏற்பார்கள் என்பது, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் வருமானம் நின்றுபோகும் வீட்டுக்குச் சிறிய கேள்வியன்று. ஊசி போட்ட இடம் சிவந்து வீங்கலாம், காய்ச்சலும் வரலாம். பாசி எடுக்கப் போகும் பெண்கள் ஊசிக்குப் பிறகு எத்தனை நாள் கடலில் இறங்காமலிருக்க வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

ஆய்வினால் பாதிப்பு நேர்ந்தால் இலவச மருத்துவமும் இழப்பீடும் உண்டு என்று 2019-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவ ஆய்வு விதிகள் சொல்கின்றன. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு, ஆய்வைச் சாராத ஒரு சாட்சியின் முன்னிலையில் ஒப்புதல் படிவத்தைப் படித்துக் காட்ட வேண்டும். எந்தக் கட்டத்திலும் விலகலாம். விலகினால் வழக்கமான சிகிச்சையை மறுக்கக் கூடாது. இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் உள்ள எண்ணையும் ஒப்புதல் படிவத்தின் நகலையும் கேட்டு வாங்கி, இரவில் காய்ச்சல் வந்தால் அழைக்க வேண்டிய தொலைபேசி எண்ணை அந்த நகலிலேயே எழுதி வைத்து, ஊர் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடமும் ஒருமுறை காட்டிவிடுங்கள்.